மின்னூல் காலத்தில் தோட்டத்து நூலகர்

நூலகரின் வேலையில் வெளியே தெரிவது புத்தகத்தை இரவல் கொடுப்பதும், திரும்பி வந்ததை எடுத்து அடுக்குவதும்தான். கிண்டில் போன்ற மின்னூல் கருவிகளும் கைப்பேசிகளும் இந்த இரண்டையும் நூலகரின் கையிலிருந்து வாங்கிக்கொண்டுவிட்டன. மின்னூலுக்கு அலமாரி வேண்டாம். தவணை முடிந்ததும் கோப்பு தானே பூட்டிக்கொள்ளும். தாமதக் கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியானால் நூலகர் இனி எதற்கு என்ற கேள்வி பெருநகரங்களில் வெகுநாளாக எழுந்துகொண்டிருக்கிறது. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களை வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு வேறொரு முகம் உண்டு. தோட்டத்தில் நூலகம் என்ற ஒன்று உறுதியாக வேரூன்றியதே இல்லை. அங்கே பிறந்த தமிழ் எழுத்தும் எந்த இணையக் கடையிலும் எளிதில் கிடைப்பதில்லை. அத்தகைய நூல் ஒன்று திரையில் தோன்றுவதற்குமுன் யாரோ ஒருவர் அதைத் தேடிப் பிடித்து, இன்னதென்று அடையாளம் கண்டு, எழுத்துத் திருத்தி, உரிமை கேட்டு, பெயர் பதிந்து வைத்தாக வேண்டும். இந்த வேலையை முழுதாகச் செய்து முடிக்கும் எந்திரம் இன்னும் வரவில்லை.

சிரம்பான், ரந்தாவ், லிங்கி, லாபு, சிலியாவ், போர்ட்டிக்சன், பகாவ், கெமாஸ் எனப் பரந்து கிடந்த இரப்பர் தோட்டங்களுக்குத் தமிழர்கள் கூட்டங்கூட்டமாக வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1896-இல் அமைந்த கூட்டு மலாய் மாநிலங்கள் நான்கில் நெகிரி செம்பிலானும் ஒன்று. அந்த மாநிலங்களுக்காக 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று விதித்தது. பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர். தோட்ட எழுத்தரான கிராணியோ படிக்கத் தெரிந்த கங்காணியோ ஆசிரியர் வேலையையும் சேர்த்துப் பார்த்த இடங்கள் உண்டு. ஊருக்குக் கடிதம் எழுதித் தருவதும், வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வதும், பத்திரிகையை உரக்க வாசிப்பதும் அவர் தலையில் விழுந்தன.

தமிழ் நேசன் 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கியது. தமிழ் முரசு 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. இந்தத் தாள்கள் தோட்டத்துக்கு வந்தால் ஒரு வீட்டில் தங்குவதில்லை. பால்வெட்டு முடிந்து, பாலை அளந்து கொடுத்துவிட்டு, மாலையில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசலில் கூடியவர்களுக்கு ஒருவர் படிப்பார், மற்றவர் கேட்பார். சீர்திருத்த இயக்கங்களும் தொழிற்சங்கங்களும் வலுத்தபோது சில தோட்டங்களில் படிப்பகங்கள் எழுந்தன. நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் தலையெடுத்த பி. பி. நாராயணன், 1954-இல் மாநிலச் சங்கங்கள் ஒன்றிணைந்து தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் ஆனபோது அதன் முன்னணித் தலைவரானார். அந்தச் சங்கத்தின் ஏடான சங்கமணியும் இதே வழியாகத்தான் கைமாறிச் சென்றது. படித்துச் சொன்னவர், தாள்களைக் கட்டி வைத்தவர், யாரிடம் எந்தப் புத்தகம் இருக்கிறது என்று நினைவில் வைத்திருந்தவர், இவர்கள் எல்லோரும் பதவிப்பெயர் இல்லாத நூலகர்கள். கருவிகள் மாறிய இந்தக் காலத்தில் நூலகரிடம் எதிர்பார்க்கப்படும் வேலையும் ஏறக்குறைய அவர்கள் செய்ததேதான்.

இரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆட்கள் தேவைப்படவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன; நீலாய், செனாவாங், செண்டாயான் பக்கம் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. குடும்பங்கள் சிரம்பான் புறநகர்களுக்கும் சிலாங்கூருக்கும் சிதறின. நகரத்துக்கு இடம்பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகள் சில தோட்டத்தின் பெயரை மட்டும் சுமந்துகொண்டு நிற்கின்றன. படிப்பகத்து நூல்களுக்கோ அப்படி ஒரு வாரிசு வாய்க்கவில்லை. மலேசியாவில் தேசிய நூலகத்தின் ஆதரவில் கிராம நூலகங்கள் நாடெங்கும் திறக்கப்பட்டன. தோட்டமோ தனியார் நிலம். அரசின் கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் நெடுங்காலம் அதன் வாயிற்கம்பத்தைத் தாண்டவில்லை. இந்தப் பழைய குறையை ஒரு கைக்கருவி ஈடுகட்டிவிடும் என்று நம்பத் தோன்றுவது இயல்பே. அதற்கு அந்தக் கருவி என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்று முதலில் பார்க்க வேண்டும்.

மின்னூல் கருவியின் உயிர்நாடி அதன் திரைதான். கைப்பேசித் திரை தானே ஒளி வீசுவது. மின்னூல் கருவியின் மின்மைத் திரை காகிதத்தைப்போல வெளிச்சத்தை எதிரொளிப்பது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும் அவர் மாணவர்களும் உருவாக்கிய இந்த முறையைச் சந்தைக்குக் கொண்டுவர 1997-இல் இ-இங்க் நிறுவனம் தொடங்கப்பட்டது. திரையின் மெல்லிய படலத்துக்குள் தலைமயிரின் பருமன் உள்ள நுண்குமிழ்கள் எண்ணற்றவை. ஒவ்வொரு குமிழிலும் தெளிந்த திரவம். அதில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. வெள்ளைத் துகள் டைட்டானியம் டை ஆக்சைடு. இருவகைத் துகள்களுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். அடியிலிருந்து மின்புலம் ஒரு பக்கமாகச் செலுத்தப்பட்டால் கறுப்பு மேலே வரும், திசை மாற்றினால் வெள்ளை மேலே வரும். வந்த துகள் வந்த இடத்திலேயே நிற்கும். பக்கம் புரட்டும் நொடியில் மட்டும் மின்சாரம் செலவாகும். படித்துக்கொண்டிருக்கும்போது ஏறக்குறைய ஒன்றும் செலவாகாது. ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் ஓடுவது இதனால்தான். வெட்டவெளி வெயிலிலும் எழுத்து மங்காது. சோனி நிறுவனத்தின் லிப்ரியே 2004-இலும் அமேசானின் கிண்டில் 2007 நவம்பரிலும் இந்தத் திரையோடு வந்தன.

கண்பார்வை மங்கிய முதியவருக்கு இது நல்ல துணை. எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம். எழுத்தைக் குரலாக்கும் வசதி உள்ள கருவியானால் கேட்கவும் செய்யலாம். எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டுமே வாய்ப்புக் கிடைத்த பழைய பால்வெட்டுத் தொழிலாளிக்கு, பெரிய எழுத்தும் கூடவே ஒலிக்கும் குரலும் படிப்பகத்தின் மாலை வாசிப்பை மீட்டுத் தரும். ஆனால் தமிழ் எழுத்து இந்தத் திரைகளில் ஒழுங்காக நிற்பதற்கே நாளாயிற்று.

'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரிவது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்ற வரிசை. யூனிகோடு முறையில் கணினி சேமிப்பது ககரத்தை முதலிலும் ஒகரக் குறியை அதன் பின்னும். திரைக்கு வரும்போது எழுத்தை வனையும் மென்பொருள் அந்த ஒரு குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைக்க வேண்டும். தொடக்கக்கால மின்னூல் கருவிகள் பலவற்றில் இந்த வனையும் பகுதி இல்லை. கொம்பு இடம் மாறி நின்றது, குறிகளைச் சுற்றிப் புள்ளி வட்டங்கள் முளைத்தன. அமேசான் தன் மின்னூல் பதிப்பு வசதியில் தமிழைச் சேர்த்தது 2016 கடைசியில்தான். அதற்கு வெகுமுன்பே தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்தவர்களில் மலேசியத் தமிழர் ஒருவர் முன்வரிசையில் நிற்கிறார். முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு அஞ்சல் மென்பொருளை வளர்த்தார். கைப்பேசியில் தமிழ் எழுதச் செல்லினத்தையும் தந்தார். தொழில்நுட்பம் வெளியிலிருந்து மட்டுமே தோட்டத்துத் தமிழரை வந்தடைந்தது என்று எண்ணுவது தவறு.

யூனிகோடு பரவுவதற்குமுன் அச்சுக்கூடங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் நூல்களைக் கோத்தன. அந்த எழுத்துருக்களில் ஒன்றில் 'அ' இருந்த எண்ணில் வேறொன்றில் 'ங' இருக்கும். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்பட்டன. 1990-களின் குறுந்தட்டு ஒன்றை இன்று திறந்தால் திரையில் வருவது பொருளற்ற குறிகளின் குவியல். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, அதற்குரிய மாற்றியைத் தேடி, கொம்பும் காலும் சரியான வரிசைக்கு வந்தனவா என்று வரிவரியாகப் பார்ப்பது இன்றைய தமிழ் நூலகருக்கு வந்து சேர்ந்த புதுவேலை. ஓலைச்சுவடி படிப்பவரின் பொறுமை இதற்கு வேண்டும். தாள் நூலானால் கறையானும் ஈரமும் பகை. மின்கோப்புக்கோ படிக்கும் மென்பொருள் இல்லாமல் போவதே சாவு.

அச்சு நூலைத் திரைக்குக் கொண்டுவருவது இதைவிடக் கடினம். வெப்பமண்டல ஈரத்தில் பூஞ்சை பிடித்த நூலை முதலில் தூசு தட்டி உலர்த்த வேண்டும். முதுகு விரித்தால் உடைந்துவிடும் என்பதால் தட்டையான வருடியில் அழுத்தாமல், மேலிருந்து ஒளிப்படம் எடுப்பதே பாதுகாப்பு. பிறகு எழுத்துணரி. படத்திலுள்ள எழுத்தை உணர்ந்து தட்டச்சு வடிவாக்கும் இந்த மென்பொருள் இன்றைய புத்தகங்களைப் பெரும்பாலும் சரியாகப் படிக்கிறது. பழைய தோட்டத்து மலர் ஒன்றைக் கொடுத்தால் திணறுகிறது. காரணம் எழுத்தின் வடிவம். தமிழ்நாட்டு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது; மலேசியாவும் சிங்கப்பூரும் அதன் பின்னரே ஏற்றன. அதற்குமுன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை தூக்கி நிற்கும். ணா, றா, னா மூன்றுக்கும் காலுக்குப் பதில் சுழி. போதாக்குறைக்குப் பழைய ஈய அச்சில் ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். 'காரம்' என்ற சொல்லில் நடுவிலிருப்பவற்றில் கால் எது, ரகரம் எது என்று எந்திரம் தடுமாறும். மை பரவிய இடத்தில் புள்ளி மறைந்தால் 'கல்' 'கல' ஆகிவிடும்.

பிழை ஒன்றிரண்டுதானே என்று விடவும் முடியாது. மின்னூலில் தேடுவது எழுத்தை வைத்துத்தான். ஒரு தோட்டத்தின் பெயர் தவறாக உணரப்பட்டால் அந்தப் பெயரைத் தட்டச்சுச் செய்து தேடும் பேரப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் கிடைக்கவே கிடைக்காது. தோட்டப் பெயர்களும் எளியவை அல்ல. அலுவலகக் கணக்கில் ஆங்கிலப் பெயர் ஒன்று, மலாய்ப் பெயர் ஒன்று, தொழிலாளர் வாயில் தமிழ்ப் பெயர் வேறொன்று. மூன்றும் ஒரே இடம் என்று சொல்லக்கூடியவர் அந்த வட்டாரத்தில் வாழ்ந்தவர். அவரைத் தேடிப்போய்க் கேட்டு, மூன்று பெயரையும் ஒரே பதிவில் இணைத்து வைப்பவர் நூலகர்.

நூற்பட்டியல் என்ற பழைய கலை மின்னூல் காலத்தில் அருகிப்போகும் என்று நினைத்தவர்கள் உண்டு, நடந்தது நேர்மாறு. அலமாரியில் இருந்த நூல் பட்டியலில் தவறினாலும் கண்ணில் படும். கணினிக்குள் இருக்கும் நூல் பட்டியலில் இல்லையென்றால் இல்லவே இல்லை. மலேசியப் பொது நூலகங்களின் மின்பட்டியல்களில் தமிழ் நூல்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் பதிவாகின்றன. 'வாழ்க்கை' என்ற ஒரு சொல்லையே நால்வர் நான்கு விதமாக ரோமன் எழுத்தில் எழுதுவார்கள். ஆசிரியர் பெயரில் சிக்கல் இன்னும் கூடுதல். நூலின் அட்டையில் ஒரு வடிவம், அடையாள அட்டையில் பதிவு அதிகாரி காதில் விழுந்தபடி எழுதிய வேறொரு வடிவம், பத்திரிகையில் புனைபெயர். பல நாட்டு நூலகங்கள் கையாளும் மார்க் என்ற பதிவு முறையில் மூல எழுத்துக்கென்றே 880 என்ற எண்ணில் ஒரு புலம் இருக்கிறது. அதில் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழிலேயே இட்டு, ரோமன் வடிவத்தோடு பிணைத்துவிட்டால் எந்த எழுத்தில் தேடினாலும் நூல் அகப்படும். வசதி இருக்கிறது. அதை நிரப்பத் தமிழ் தெரிந்த கை வேண்டும்.

இந்த வகை வேலைக்கு மலேசியாவில் ஒரு முன்னோடி உண்டு. மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969-இல் வெளியிட்ட 'தமிழ் மலேசியானா', மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியல். தொகுத்தவர் இராம சுப்பையா. கணினி இல்லாத நாளில், அச்சான தடயமே தெரியாமல் போன நூல்களைக்கூட அவர் பெயர் சொல்லிப் பதிந்து வைத்தார். அந்த நூற்பட்டியல் இல்லையென்றால் இன்று எதை மின்னாக்கம் செய்வது என்பதற்கே வழிகாட்டி இருந்திருக்காது.

மலேசியத் தமிழ் நூல்கள் சந்தைக்கு வரும் விதமே வேறு. ஆசிரியரே தம் செலவில் சில நூறு படிகள் அச்சிடுவார். வெளியீட்டு விழா நடக்கும். அங்கேயே பெரும்பகுதி விற்றுவிடும். கடைக்கு வருவது சொற்பம். விற்பனையாளரின் பட்டியலைப் பார்த்து நூல் வாங்கும் நூலகத்துக்கு இவை எட்டுவதே இல்லை. 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி வெளியீட்டாளர் தம் நூலைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். சட்டம் அறிந்து ஒப்படைப்பவரிடமிருந்து நூல் வரும். தெரியாதவரைத் தேடிச் சென்று, ஐ.எஸ்.பி.என். எண் வாங்கவும் ஒப்படைக்கவும் உதவுவது மாநில அளவில் ஒரு நூலகர் செய்யக்கூடிய காரியம். சிரம்பானில் உள்ள மாநிலப் பொது நூலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இதற்கென்று இருந்தாலே எவ்வளவோ நூல்கள் தப்பிப் பிழைக்கும்.

இரவல் கொடுப்பதிலும் புதிய சிக்கல் முளைத்திருக்கிறது. தாள் நூலை வாங்கிய நூலகம் அதன் உடைமையாளர், கிழியும்வரை கொடுக்கலாம். மின்னூலில் நூலகம் வாங்குவது உரிமம் மட்டுமே. ஹார்ப்பர் காலின்ஸ் பதிப்பகம் 2011-இல், தன் மின்னூல் ஒன்றை நூலகம் 26 முறை இரவல் கொடுத்ததும் மறுபடி காசு கட்டி வாங்க வேண்டும் என்று விதித்தது. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை, உரிமைச் சிக்கல் என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அமேசான் தொலைவிலிருந்து அழித்தது. பின்னர் வருத்தம் தெரிவித்தது. காசு கொடுத்து வாங்கியவர் கையிலிருந்தே நூல் மறையலாம் என்று அன்று உலகம் கண்டது. உரிம ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தைப் படித்து, வாசகருக்குப் பாதகமான விதியை எதிர்த்துப் பேரம் பேசுவது இன்று நூலகரின் அன்றாட அலுவல். சின்னஞ்சிறு மலேசியத் தமிழ் வெளியீட்டாளரிடம் பேசும்போது இந்தச் சிக்கல் குறைவு. எழுத்தாளர் நேரில் கிடைப்பார். ஒப்புதல் கடிதம் ஒன்றில் காரியம் முடியும்.

சிங்கப்பூர் இதைச் செய்து காட்டியது. விடுதலையின் 50-ஆம் ஆண்டான 2015-ஐ ஒட்டி, அருண் மகிழ்நன் முன்னின்று நடத்திய தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் 1965-க்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றன. தேசிய நூலக வாரியம் தாங்கி நின்றது. எழுத்தாளர்கள் ஒப்புதல் தந்தார்கள். தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்த்தார்கள். இலங்கையில் 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் அரசுத் துணையின்றியே வளர்ந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே படி என்பது எத்தனை ஆபத்து என்று அந்தச் சமூகம் அறிந்திருந்தது. மலையகத் தோட்ட மக்களின் ஆவணங்களையும் அத்திட்டம் சேர்த்து வருவது நெகிரி செம்பிலானுக்கு நேரான பாடம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அதற்கும் மூத்தது. உலகெங்கும் இருக்கும் தமிழர்கள் தட்டச்சுச் செய்து அனுப்பிய நூல்களால் நிறைந்தது. மலேசியாவில் வல்லினம் இலக்கியக் குழு எழுத்தாளர்களின் பழைய ஒளிப்படங்களைச் 'சடக்கு' என்ற தளத்தில் திரட்டியிருக்கிறது. தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. ஏறத்தாழ 95 ஆண்டு இதழ்களை முழு வரிசையாக, தேடக்கூடிய எழுத்தாக மாற்றினால் தோட்ட வாழ்வின் நாட்குறிப்பே கைக்கு வரும்.

தோட்டப்புறத்தில் நூலகரின் பொறுப்பை உண்மையில் சுமப்பவர் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்தான். நெகிரி செம்பிலானில் அறுபது அளவில் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல, 150 மாணவர்க்கும் குறைவாக உள்ளதால் குறைந்த மாணவர் பள்ளி என்ற வகையில் சேர்பவை. நூலக ஊடக ஆசிரியர் என்ற பொறுப்பு இருக்கிறது. சிறிய பள்ளியில் அந்தப் பொறுப்பை ஏற்பவருக்கு வகுப்பும் உண்டு, விளையாட்டும் உண்டு, கட்டொழுங்குக் குழுவும் உண்டு. மாணவர் படித்த நூல்களைப் பதியும் நீலாம் வாசிப்புத் திட்டம் இணையத்துக்கு மாறியபின், பதிவு எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்வதிலேயே அவர் நேரம் கரைகிறது. எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று கண்டு கையில் கொடுக்கிற வேலைக்கு நேரம் கிடைக்காமல் போவது பெரிய இழப்பு.

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடியபோது கருவிகளின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரிந்தன. கல்வியமைச்சின் டெலிமா தளம் அந்த ஆண்டே திறந்தது. பாடம் அங்கே இருந்தது. பல வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி, அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது எடுத்துப் போவது. செம்பனைக்கு நடுவே உள்ள குடியிருப்புகளில் அலைவரிசை எட்டாத மூலைகள் இருந்தன. ஆசிரியர்கள் பயிற்சித்தாளை அச்சிட்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய தோட்டத்து ஆசிரியர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். வாசகர் வராவிட்டால் நூலகம் அவரிடம் போகட்டும் என்ற எண்ணத்தில் 1931-இல் தமிழ்நாட்டின் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் நடத்தினார், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் அதற்கு ஊக்கமாக நின்றார். வண்டி மாறினாலும் தேவை மாறவில்லை.

இன்றைய வண்டி சிறு பெட்டி வடிவிலும் வரலாம். கையளவுக் கணினி ஒன்றில் தமிழ் விக்கிப்பீடியாவின் இணையமில்லாப் பதிப்பையும், உரிமை விடுபட்ட தமிழ் நூல்களையும், பாடநூல்களையும் ஏற்றி வைத்தால், பக்கத்தில் வரும் கைப்பேசிகளுக்கு அது வைஃபை வழியே பரிமாறும். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இதற்காகவே உருவானது. தரவுக் கட்டணம் இல்லை, அலைவரிசைக் கோபுரமும் தேவையில்லை. தோட்டக் கோயில் மண்டபத்திலோ பாலர் பள்ளியிலோ வைத்து மாதம் ஒருமுறை புதுப்பிக்கலாம். இதை வாங்கித் தருவது எளிது. மாதாமாதம் எதை ஏற்றுவது, எதை எடுப்பது என்று தீர்மானிக்க ஆள் வேண்டும். கருவியைக் கொடுத்துவிட்டு ஆளைக் கொடுக்காத திட்டம் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சான்று. வேர்ல்ட்ரீடர் அமைப்பு 2010 முதல் கானாவின் பள்ளிகளில் நூல் ஏற்றிய கிண்டில்களைக் கொடுத்தது. பிள்ளைகள் ஆர்வமாகப் படித்தார்கள். திரைகளும் ஏராளமாக உடைந்தன. ஆசிரியருக்குப் பயிற்சியும் பழுதுபார்க்க வழியும் சேர்த்துத் தந்தால்தான் திட்டம் நிற்கும் என்று அந்த அமைப்பு கற்றுக்கொண்டது, பின்னர் கைப்பேசி வழி வாசிப்புக்கும் திரும்பியது.

பெரியவர்கள் நூலகத்தையும் இணைய மையத்தையும் நாடி வருவது பெரும்பாலும் நூலுக்காக அல்ல. உதவித்தொகை விண்ணப்பம், ஊழியர் சேமநிதிக் கணக்கு, பிள்ளையின் மேற்படிப்பு மனு எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டன. மலாயில் வரும் படிவத்தைப் புரிந்துகொள்ள, கடவுச்சொல்லைக் காப்பாற்ற, மோசடிக் குறுஞ்செய்தியை இனங்காணப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். இது நூலகர் வேலையா என்று முகம் சுளிக்க ஒன்றுமில்லை. ஊர்க் கடிதத்தைப் படித்துச் சொன்ன கிராணியின் வேலை இது. சேமநிதிப் பணத்துக்காக உள்ளே வந்தவர் பேத்திக்கு ஒரு கதைப்புத்தகத்தோடு வெளியே போவது நூலகரின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் வந்தபின் இன்னொரு பொறுப்பு கூடியிருக்கிறது. இணையத்தில் எழுத்து மிகுந்த பொருளைப் பற்றிக் கேட்டால் அவை ஓரளவு சரியாகச் சொல்கின்றன. நெகிரி செம்பிலான் தோட்ட இலக்கியம் போல இணையத்தில் அரிதான ஒன்றைக் கேட்டால், இல்லாத நூலுக்குத் தலைப்பும் ஆண்டும் புனைந்து தரக்கூடும். சொல்லும் தோரணையில் தயக்கமே இராது. மாணவர் அதை அப்படியே கட்டுரையில் எழுதுவார். அந்த நூல் உண்மையில் உண்டா, எந்த நூலகத்தில், எத்தனையாம் பக்கத்தில் என்று கேட்கப் பழக்குவது நூலகரின் கடமை. சரிபார்க்க நம்பகமான பட்டியல் இருந்தால்தான் அவராலும் பழக்க முடியும்.

பட்டியலில் நூல்கள் மட்டும் போதாது. தோட்டத்து வரலாறு பெரும்பாலும் நூலாக அச்சேறியதே இல்லை. கோயில் திருவிழா மலர், பள்ளி ஆண்டு மலர், சங்கத்துத் துண்டறிக்கை, சம்பளச் சீட்டு, நாடக அழைப்பிதழ், கருமாதிப் பத்திரிகை, கூலிப் பெயர்ப்பட்டியல் ஆகியவற்றில் அது சிதறிக் கிடக்கிறது. எங்கெங்கோ குடியேறிய குடும்பங்கள் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் திரும்பி வரும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த ஒரு நாளில் ஒரு மேசை, ஒரு வருடி, ஒப்புதல் படிவம், தமிழும் மலாயும் தெரிந்த இருவர் இருந்தால் குடும்பங்கள் பெட்டியில் வைத்திருக்கும் தாள்களைப் படமெடுத்து, மூலத்தை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். படத்தில் இருப்பவர் யார், எந்த லயம், எந்த ஆண்டு என்று உடனிருந்தே கேட்டு எழுதிக்கொள்வது முக்கியம். அடுத்த ஆண்டு சொல்ல ஆள் இல்லாமல் போகலாம். கடன் கணக்கு, நோய், குடும்ப வழக்கு போன்றவை உள்ள தாள்களைப் பொதுவில் வைக்கக் கூடாது என்பதையும் நூலகர் அங்கேயே தீர்மானிக்க வேண்டும்.

எடுத்த கோப்புகளைச் சேமிப்பதற்கு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகர்கள் வகுத்த நெறி ஒன்று உண்டு: ஒரே கோப்பைப் பல ஊர்களில், பல நிறுவனங்களில் வைத்து, அவ்வப்போது ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒரு படி சிதைந்தால் மற்றொன்றிலிருந்து சரிசெய்துகொள்ளலாம். சிரம்பானில் ஒன்று, மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஒன்று, தமிழ்நாட்டில் ஒன்று என்று வைத்தாலே பெரிய பாதுகாப்பு.

கடைசித் தடை உரிமை. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 50 ஆண்டுவரை உரிமை அவர் வாரிசுகளுக்கு உண்டு. தமிழ்நாட்டில் நூல்களை அரசு நாட்டுடைமையாக்குவதுபோல் மலேசியாவில் ஏற்பாடு இல்லை. நூலின் முதற்பக்கத்தில் அச்சான முகவரி ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லும். அந்த இடத்தில் இன்று அடுக்கு வீடுகள் நிற்கும். வாரிசைத் தேடிக் கோயில் குழுவிடம், பழைய மாணவர் சங்கத்திடம், தொழிற்சங்கத்திடம் விசாரித்து, கிடைத்தவரிடம் எழுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். கிடைத்தால் நூலை எல்லோர்க்கும் திறந்துவிடலாம். கிடைக்காவிட்டால் தேடிய விவரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, கோப்பை வெளியிடாமல் காக்க வேண்டும். ஆனால் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, அச்சகம், இருக்கும் இடம் ஆகியவற்றைப் பட்டியலில் பதிய யார் ஒப்புதலும் தேவையில்லை. 1969-இல் இராம சுப்பையா விட்ட இடத்திலிருந்து நெகிரி செம்பிலான் அளவில் அந்தப் பட்டியலைத் தொடர்வதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை; சம்பளம் கொடுத்து ஒருவரை அமர்த்த வேண்டும்.